ஏழாம் ஆண்டு வாசல் திறக்கும்

முதலில் அந்த ஒலிப்பதிவை நிறுத்துங்கள், அம்மா. மேசைமேல் கவிழ்த்து வைத்தால் போதாது, நிறுத்த வேண்டும். கவிழ்த்து வைத்த கைப்பேசியும் கேட்டுக்கொண்டுதான் இருக்கும் என்பதை இந்த ஆறு மாதங்களில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கையால் எழுதிக்கொள்ளுங்கள். எழுத்தில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. நாற்பத்தொரு ஆண்டுகள் எழுத்துக்குள்ளேயே குடியிருந்தவன் இந்த வேலாயுதபெருமாள்.

நீங்கள் முத்துராக்கு வீட்டுக்குத்தான் முதலில் போனீர்கள் என்பதும் தெரியும். அருள் வருவது அவளுக்கு. ஆகவே அவளிடம் போனீர்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். “எனக்கு என்னங்க தெரியும், சாமி வந்தா வருது, போனா போகுது, அண்ணாச்சிகிட்டக் கேளுங்க.” சரிதானே? சிரிக்கிறீர்கள். ஆக, ஒன்றும் தெரியாதவளிடம் ஒரு மணி நேரம் செலவிட்டுவிட்டு, தெரிந்தவனிடம் இரண்டாவதாக வந்திருக்கிறீர்கள். போகட்டும். கோயம்புத்தூரிலிருந்து மனவியல் ஆய்வுக்காக ஒருவர் சாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் பேச்சியம்மன் கோயிலைத் தேடி வந்ததே பெரிது.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். “சாமி சொன்னதோடு நீங்களாகக் கூட்டிச் சொன்னீர்களா?” என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரில் ஒவ்வொருவரும் கேட்டுவிட்டார்கள். தேநீர்க் கடையில் கேட்டார்கள். முடிதிருத்தும் கடையில், என் கழுத்தில் கத்தி இருக்கும்போது கேட்டார்கள். அந்தக் கேள்வியே அறிவியலுக்குப் புறம்பானது. ஏன் என்பதை விளக்குகிறேன். நீங்கள் படித்தவர், உங்களுக்காவது விளங்கும்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. சிவகாசியில் நாட்காட்டி அச்சிடும் அச்சகம் ஒன்றில் ஈய எழுத்துப் பொறுக்கத் தொடங்கி, பின்பு மெய்ப்புத் திருத்துபவனாகி, அப்படியே ஓய்வுபெற்றேன். ஆங்கிலம், அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நானே கற்றது. பழைய காகிதக் கடைக்கு ஒரு கல்லூரி ஆசிரியரின் நூல்கள் எடைக்கு வந்தபோது, பண்டைய கிரேக்க நாட்டில் குறி கேட்ட கோயில்களைப் பற்றிய பருத்த நூல் ஒன்று கிடைத்தது. அட்டை இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. நான்கு ஆண்டுகள் படித்தேன். பிறகு மனவியல் கட்டுரைகள். நூலகத்தில் இருக்கும் கணினியில் ஒரு பெண் எடுத்துக் கொடுப்பாள். நான் அச்சிட்டு வாங்கி வருவேன்.

அந்த நூலில் வரும் டெல்ஃபி கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இருந்தாலும் சொல்கிறேன். ஐம்பது வயதைத் தாண்டிய, படிப்பறிவில்லாத ஒரு பெண். நீராடி, முக்காலியின்மேல் ஏறி அமர்வாள். பாறைப் பிளவிலிருந்து ஏதோ ஓர் ஆவி கிளம்பிற்று என்று சிலர். கிளம்பவே இல்லை என்று சிலர். இன்றுவரை சண்டை ஓயவில்லை. அவள் வாயிலிருந்து வந்ததை அருகில் நின்ற ஒருவர் செப்பனிட்டுச் செய்யுளாக்கிக் கேட்க வந்தவரிடம் கொடுத்தார் என்று அந்த நூல் கூறுகிறது. அந்த வரியைப் படித்தபோது, அம்மா, நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அருகில் நின்ற ஒருவர்! அவருக்கு ஒரு பெயர்கூட அந்தப் பக்கத்தில் இல்லை. எல்லாப் புகழும் முக்காலியில் உட்கார்ந்தவளுக்கு.

இங்கும் அதே கதைதான். முத்துராக்கு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவள். வெள்ளிக்கிழமை காலையில் பட்டினி கிடப்பாள். உறுமி முழங்கியதும் உடம்பு குலுங்கும், தலைமுடி அவிழும், பேச்சு கொட்டும். பாதி சொல், பாதி மூச்சு. தன் வாயிலிருந்து வருவதைத் தான் பேசவில்லை என்றே அவளுக்குப் படும். இதை அறிவியல் ஒப்புக்கொள்கிறது. நம் செயல்மீதெல்லாம் ‘இது என்னுடையது’ என்று மனம் ஒரு முத்திரை குத்துகிறதாம். பசியும் தாளமும் மூச்சும் சேர்ந்தால் அந்த முத்திரை விழாமல் போகிறதாம். நான் அவளிடம் இதை விளக்கியிருக்கிறேன். “அப்படியா அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கு வலப்புறம் நின்று, அந்தக் கொட்டலைக் கேட்டு, கோயில்முன் நிற்பவருக்கு விளங்கும் தமிழில் எடுத்துச் சொன்னவன் நான். பதினெட்டு ஆண்டுகள். ‘வாக்குக்காரர்’ என்பது எனக்கு ஊரார் வைத்த பெயர். கேள்விச் சீட்டு முறையைக் கொண்டுவந்ததும் நான்தான். அதே கிரேக்க நாட்டில் டொடோனா என்ற கோயிலில் ஈயத் தகட்டில் கேள்வியைக் கீறிக் கொடுப்பார்களாம். ஈயம்! என் கையில் நாற்பது ஆண்டுகள் கறுத்துக் கிடந்த அதே ஈயம். என்ன கேட்டார்கள் என்று நினைக்கிறீர்கள்? இந்தக் குழந்தை என்னுடையதா, என் துணியைத் திருடியவன் இவனா, இந்தப் பெண்ணைக் கட்டலாமா. எங்கள் ஊர்ச் சீட்டுகளையும் அவற்றையும் கலந்து வைத்தால் உங்களால் பிரிக்க முடியாது. கேள்வித் தகடுகள் ஆயிரக்கணக்கில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. பதில்கள் மிக அரிது. பதிலை எழுதி வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. புத்திசாலிகள்.

இனி முக்கியமான பகுதிக்கு வருகிறேன். தினசரி நாட்காட்டியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒவ்வொரு சொல் போட்டிருக்குமே — ஆதாயம், அலைச்சல், நற்செய்தி, பகை. ஓர் ஆண்டு சோதிடர் படுத்த படுக்கையாகிவிட்டார். முதலாளி என்னிடம், “யோவ் பெருமாளு, போன வருசத்தையே கொஞ்சம் மாத்தி மாத்திப் போட்டு விடுய்யா. எவன் பாக்கப் போறான்?” என்றார். போட்டேன். முந்நூற்று அறுபத்தைந்து நாளுக்கும், மேலே இருந்ததைக் கீழே, கீழே இருந்ததை மேலே. அந்த ஆண்டு ஒருவர் கோவில்பட்டியிலிருந்து நேரில் வந்து, “ஒங்க காலண்டர்ல போட்டது அச்சு அசலா நடக்குது” என்று முதலாளிக்குத் துண்டு போர்த்தினார். நான் எழுத்துப் பெட்டிக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பொருள் தாளில் இல்லை, அம்மா. படிக்கிறவன் மனத்தில் இருக்கிறது. மனம் முன்னே ஓடி, வரப்போவதை எதிர்பார்த்து, இடைவெளியை அதுவே நிரப்பிக்கொள்கிறது.

மெய்ப்புத் திருத்துபவனுக்கு இதுதான் அரிச்சுவடி. தெரியாத பக்கத்தில் கண் ஒவ்வோர் எழுத்தாக நடக்கும், பிழை பிடிபடும். தெரிந்த பக்கத்தில் கண் நடக்காது, மனம் ஓடும், பிழை தப்பிவிடும். ஆகவே என் உறவினர் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களை நான் ஒருநாளும் மெய்ப்புப் பார்த்ததில்லை. பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்துவிடுவேன். தொழிலில் அவ்வளவு நேர்மை.

குறியை மக்கள் ஏன் நம்புகிறார்கள் என்பதற்கும் அழகான விளக்கம் ஒன்று படித்தேன். நம் விவகாரத்தில் எல்லாருக்கும் ஓர் ஆசை இருக்கிறது. அண்ணனுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. அருள் வந்தவளுக்குச் சொந்த ஆசை கிடையாது. அந்த வாய் யாருக்காகவும் பேசவில்லை. ஆகவே அதன் சொல் நிற்கிறது. எவ்வளவு ஆழமான கருத்து! இதை எழுதிக்கொண்டீர்களா? கீழே கோடு இடுங்கள்.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகன் மதியழகன் மலேசியாவுக்கு வேலைக்குப் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஆண்டுகள் பேசினான். அதன்பின் பேச்சு இல்லை. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் திரும்பி வந்து, ஈப்போ நகரில் அவனை ஓர் உணவுக்கடையில் கண்டதாகவும், கல்லாவில் ஒரு பெண் இருந்ததாகவும், மதியழகன் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்ததாகவும் சொன்னான். ஒற்றைச் சாட்சி. முகங்களை அடையாளம் காண்பதில் மனித மூளை எவ்வளவு பிழை செய்யும் என்பது உங்களுக்குத் தெரியாததா? நான் அவனுக்கு அதை விளக்கினேன். “பெரியவரே, ‘எங்கப்பா நல்லாருக்காரா’ன்னு அவனே கேட்டான்” என்றான். நினைவு எப்படித் தன்னைத்தானே திருத்தி எழுதிக்கொள்ளும் என்பதையும் அவனுக்கு விளக்க வேண்டியதாயிற்று.

என் மருமகள் செல்வஜோதி. நல்ல பெண். என் மனைவி காலமானபின் இந்த வீட்டை நடத்தியவள் அவள்தான். பேத்தி இளவெயினிக்கு ஒன்பது வயது. பெயர் நான் வைத்தது. ஜோதியின் அக்கா திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் இருக்கிறாள். “இங்ஙன வாடி, ரெண்டு பேரும் சேந்து பிழைச்சுக்கிடுவோம்” என்று வாரம் ஒருமுறை அழைப்பு. தை மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் ஜோதி என் சீட்டையே வாங்கி எழுதி, கோயிலில் கொடுத்தாள். ‘நான் இன்னும் அவருக்குக் காத்திருக்கணுமா?’

முத்துராக்கு கொட்டினாள். நான் கேட்டேன். எடுத்துச் சொன்னேன். “மகளே! ஏழாம் ஆண்டு வாசல் திறக்கும். விளக்கை அணைத்துவிடாதே. பொறுத்திரு.” கூட்டம் குலவை இட்டது. இரண்டு கிழவிகள் அழுதார்கள். பதினெட்டு ஆண்டுகளில் நான் எடுத்துச் சொன்ன வாக்குகளில் அமைப்பிலும் ஓசையிலும் அதற்கு இணை இல்லை என்பதை இப்போதும் சொல்வேன்.

ஏன் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? மருமகளுக்கு நானே எடுத்துச் சொல்லலாமா என்கிறீர்களா? வேறு யார் இருக்கிறார்கள், அம்மா, இந்த ஊரில்? உறுமி அடிக்கும் கொம்பையாவா? அவருக்கு ஒரு காது கேட்காது.

மறுநாள் காலையில் ஜோதி அடுக்களையில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து முத்துராக்குவின் குரல் வந்தது. அவள்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். கைப்பேசி. அக்காவுக்கு அனுப்புவதற்காகச் சாமி வாக்கைப் பதிவு செய்திருக்கிறாள். கைப்பேசி கவிழ்ந்து கிடந்தது. அது பாட்டுக்குப் பேசியது. முடிந்ததும் மறுபடியும் போட்டாள். மறுபடியும்.

“மாமா, ஒரு நிமிசம் இங்ஙன வாங்க. இதக் காதுல வச்சுக் கேளுங்க.”

“நேற்றே கேட்டதுதானே, ஜோதி.”

“இல்ல மாமா. நேத்து ஒங்க சத்தமும் உறுமிச் சத்தமும்தான் கேட்டுச்சு. இப்பக் கேளுங்க. அவளும் நானும் ஒரே பெஞ்சுல ஒம்பது வருசம் குச்சி அடுக்குனவுக. அவ பேச்சு எனக்கு வெளங்காதா?”

கேட்டேன். மூச்சுக்கு இடையில் அந்தக் குரல் என்ன சொல்லிற்று என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை. “ஏ தாயி, ஆறு வருசமாச்சேத்தா. அவன் கெடக்கட்டும். ஒனக்கு என்னத்தா வேணும்? ஒனக்கு என்ன வேணும், அதச் சொல்லு.” மூன்று முறை. வேறு எதுவும் இல்லை.

“வாக்கு என்பது வெறும் ஒலி அல்ல, ஜோதி. அதன் பொருள்…” என்று நான் தொடங்கினேன்.

அவள் அரிவாள்மனையை மடக்கி வைத்தாள். “ஏழு எங்க மாமா இருக்கு? வாசலு எங்க இருக்கு? வெளக்கு எங்க இருக்கு? என்னய ஒருத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கா. இந்த ஆறு வருசத்துல வேற ஒருத்தரும் கேக்காத கேள்வி. அதக்கூட நீங்க எங்கிட்டக் குடுக்கல.”

நியாயமாகச் சொல்லுங்கள். கோயிலுக்கு வருகிறவர்கள் பதில் தேடி வருகிறார்கள். கேள்வியோடு வந்தவரைக் கேள்வியோடு திருப்பி அனுப்புவதா? அச்சில் ஓரிடம் சிதைந்திருந்தால் வெற்றிடம் விட்டு அச்சிடுவோமா? நிரப்புவோம். முன்னும் பின்னும் பார்த்து நிரப்புவோம். சாமி கேள்வி கேட்டபோதெல்லாம் பதினெட்டு ஆண்டுகளாக நான் அதைப் பதிலாக்கித்தான் கொடுத்திருக்கிறேன். சாமி நிறையக் கேள்வி கேட்கும். அதை ஒரு குறையாக நான் யாரிடமும் சொன்னது கிடையாது. அன்று என் காதில் விழுந்தது ‘பொறுத்திரு’ என்பதுதான். சத்தியமாக விழுந்தது. அதை நான் எப்படி மறுப்பேன்?

அடுத்த வெள்ளிக்கிழமை. நான் வழக்கம்போல் வலப்புறம் நிற்கிறேன். ஜோதி சீட்டு இல்லாமல் முன்னால் வந்தாள்.

“மாமா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க.”

நான் நகரவில்லை. அப்போது கொம்பையா உறுமியை நிறுத்திவிட்டார். அருள் இறங்கி நிற்கும்போது உறுமி நின்றது எனக்குத் தெரிந்து அதுவே முதல்முறை. அந்த அமைதியில் முத்துராக்குவின் குரல் கோயில் வாசல்வரை தெளிவாகக் கேட்டது. “ஒனக்கு என்னத்தா வேணும்?”

“எனக்குப் போகணும்” என்றாள் ஜோதி. “புள்ளையக் கூட்டிக்கிட்டு அக்காகிட்டப் போகணும். வேல பாக்கணும். இனி எவருக்கும் என்னால காத்துக்கிட்டு இருக்க முடியாது.”

முத்துராக்கு ஒரு கை திருநீறு அள்ளி அவள் நெற்றியில் பூசினாள். “போயேன்த்தா. ஒன்னய யாரு புடிச்சா?”

கூட்டம் முழுவதும் என்னைப் பார்த்தது. இதை நான் கற்பனை செய்யவில்லை. பார்த்தது.

அன்றோடு போயிற்று என் வாக்கு. இப்போது கேட்கிறவரும் சொல்கிறவளும் நேருக்கு நேர் பேசிக்கொள்கிறார்கள். குறி கேட்கிற இடமா அது? காய்கறிச் சந்தை. ராமலட்சுமி என்று ஒருத்தி. அவள் மகனுக்குக் கிழக்கே பெண் எடுக்கச் சொல்லி எட்டு ஆண்டுகளுக்கு முன்பு வாக்கு வந்தது. இப்போது மருமகளோடு சண்டை வரும்போதெல்லாம் என் வீட்டு வாசலில் வந்து நின்று, “கெழக்க எடுக்கச் சொன்ன மகராசன் உள்ள இருக்காரா?” என்கிறாள். முத்துராக்குவிடம் போய், “நான் உனக்கு அநியாயம் செய்தேனா?” என்று கேட்டேன். “எனக்கு நான் என்ன பேசுறேன்னு தெரியாது அண்ணாச்சி. நீங்க சொல்லித்தான் இத்தன வருசமா எனக்கே தெரியும். பெரிய பெரிய வார்த்தையா இருந்துச்சு. நல்லாத்தான் இருந்துச்சு” என்றாள். பாராட்டா, வேறு ஏதாவதா? நீங்கள் ஒரு மணி நேரம் அவளோடு பேசியிருக்கிறீர்கள், உங்களுக்குத் தெரியலாம்.

ஜோதி வைகாசியில் கிளம்பினாள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்பு சேர்க்க வேண்டுமாம். பெட்டியை நான்தான் பேருந்து நிறுத்தம்வரை தூக்கிப் போனேன். எனக்குப் பகை இல்லை. இளவெயினி புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நிறுத்தத்தில் நிழல் இல்லை. ஜோதி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, ஒண்ணு கேக்கட்டா? சாமி சொன்னத விடுங்க. அவரையும் விடுங்க. அந்த வெளிநாட்டுக்காரங்க கதையையும் விடுங்க. நீங்க சொல்லுங்க. நான் போகவா, இருக்கவா? ‘இரு’ன்னு ஒங்களுக்காக, ஒங்க வாயால ஒரு வார்த்த சொன்னீங்கன்னா, நான் யோசிப்பேன்.”

இப்படி ஒருவர் திடீரென்று கேட்டால், அம்மா, ஆயத்தம் இல்லாமல் எப்படிப் பேசுவது? எதற்கும் ஒரு முன்னுரை வேண்டாமா? நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “டெல்ஃபியில் ஒரு வழக்கம் உண்டு, ஜோதி. மாதத்தில் ஒரே ஒரு நாள்தான்…” என்று தொடங்கினேன். அதிலிருந்து மெல்ல விஷயத்துக்கு வருவதாகத்தான் திட்டம். இரண்டு பத்தி போதும். பேருந்து வந்துவிட்டது. நடத்துநருக்கு என்ன அவசரமோ, நிற்கும் முன்பே விசில் ஊதுகிறான். “வாரேன் மாமா. மாத்திரையை மறந்துறாதீக” என்றாள். பேத்தி சன்னல் பக்கம் உட்கார்ந்து கையை ஆட்டினாள். நான் அப்போதும் அந்த வாக்கியத்தின் நடுவில்தான் இருந்தேன்.

ஒரு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினாள். “சாப்பிட்டீங்களா” என்றாள். “நானே சமைக்கிறேன், மனித மூளைக்கு எந்த வயதிலும் புதிதாகக் கற்கும் ஆற்றல் உண்டு” என்றேன். பிறகு வேலை நேரம் ஆகிவிட்டது என்று வைத்துவிட்டாள். அதற்கப்புறம் பேத்திதான் பேசுகிறாள். அவளுக்குக் கணக்குப் பாடம் வரவில்லையாம்.

நீங்கள் இன்றைக்கே கிளம்புகிறீர்களா? கோயம்புத்தூருக்குத் திருப்பூர் வழியாகவும் ஒரு பேருந்து போகிறது. மதுரையில் கேட்டால் சொல்வார்கள். கொஞ்சம் சுற்றுதான். இந்தத் தாளில் முகவரி இருக்கிறது. காலையிலேயே எழுதி வைத்திருந்தேன். நீங்கள் வருவீர்கள் என்று முத்துராக்கு சொல்லி அனுப்பியிருந்தாள், அதனால்.

ஜோதியைப் பார்த்தீர்களானால்… மாமா சொன்னதாக… வேண்டாம், அப்படித் தொடங்காதீர்கள், அது கட்டளைபோல் இருக்கும். இந்த வீட்டில் இரண்டு அறைகள் இருக்கின்றன என்று… அதுவும் அவளுக்குத் தெரிந்ததுதான். பேத்திக்குக் கணக்கு நான் சொல்லிக்கொடுப்பேன் என்று… இல்லை, அவள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும் என்று நான் எதிர்பார்ப்பதாக ஆகிவிடும். எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்க்கவில்லை என்று சொன்னால், வர வேண்டாம் என்று ஆகிவிடும்.

நீங்கள் மனவியல் படித்தவர். நான் இவ்வளவு நேரம் பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். நான் சொல்ல வேண்டியது இதற்குள் எங்கோ இருக்கிறது, அம்மா. அதை எடுத்து, அவளுக்கு விளங்குகிற மாதிரி, நீங்களே சொல்லிவிடுங்கள்.